பில் கணினிகள் நின்றுபோனால்: அறிகுறியை வைத்துப் பிழையைப் பிடிக்கும் வழிமுறை

நாலைந்து பில்லிங் கணினி, ஒரு சர்வர் கணினி, ஒரு சுவிட்ச், ஒரு ரவுட்டர், குடோனிலோ கிளையிலோ இன்னும் ஒன்றிரண்டு கணினி. மளிகை மொத்தக்கடை, ஹார்டுவேர் கடை, மருந்து விநியோகம் என்று எதை எடுத்தாலும் அமைப்பு பெரும்பாலும் இதுதான். சர்வரில் எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் என்ற மைக்ரோசாஃப்டின் இலவச டேட்டாபேஸ் ஓடும். மற்ற கணினிகள் லேன் (கடைக்குள்ளேயே இருக்கும் கேபிள் வலை) வழியாக அதில் எழுதும், அதிலிருந்து படிக்கும். இந்த அமைப்பை வைத்துத்தான் கீழே எழுதியிருக்கிறேன். மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் வைத்திருப்பவர்களுக்குப் போர்ட் எண்ணும் (சர்வருக்குள் டேட்டாபேஸின் கதவு எண்) கட்டளைகளும் மாறும், தேடும் முறை மாறாது.

பிழை வந்ததும் சர்வரை ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். செய்தால் பல சமயம் சரியாகிவிடும், சிக்கலே அதுதான். எந்தக் கணினி எதைப் பூட்டி வைத்திருந்தது, எந்தச் சர்வீஸ் நின்றிருந்தது என்ற தடயமெல்லாம் அதோடு அழிந்துவிடும். காரணம் மட்டும் அப்படியே இருக்கும், அடுத்த கூட்ட நேரத்தில் திரும்ப வரும். முதலில் பிழைச் செய்தியைச் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். பிறகு மூன்று கேள்வி கேளுங்கள்.

எல்லாக் கணினியிலும் வருகிறதா, ஒன்றில் மட்டுமா? எப்போதும் வருகிறதா, கூட்டமான நேரத்தில் மட்டுமா? சர்வர் கணினியிலேயே உட்கார்ந்து ஒரு பில் போட முடிகிறதா? மூன்றாவதுதான் முக்கியம். அங்கே பில் போட முடிந்தால் டேட்டாபேஸ் நன்றாக இருக்கிறது, நடுவில் வழிதான் அடைபட்டிருக்கிறது. அங்கேயும் முடியவில்லை என்றால் கேபிளை இழுத்துப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

ஒரே ஒரு கணினியில் "சர்வருடன் இணைய முடியவில்லை"

அந்தக் கணினியில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து ஐபிகான்ஃபிக் கட்டளையைக் கொடுங்கள். ஐபி முகவரி 169.254 என்று தொடங்கினால், ரவுட்டரிடமிருந்து முகவரி கிடைக்காமல் விண்டோஸ் தானே ஒன்றைப் போட்டுக்கொண்டிருக்கிறது. கேபிளை இரு முனையிலும் கழற்றி மாட்டுங்கள். சுவிட்ச்சில் வேறு போர்ட்டுக்கு மாற்றுங்கள். நன்றாக வேலை செய்யும் பக்கத்துக் கணினியின் கேபிளை இதில் செருகிப் பாருங்கள். எலி கடித்த கேபிள், நாற்காலிச் சக்கரம் ஏறிய கேபிள், கிளிப் உடைந்து தளர்ந்த முனை என்று கடைகளில் இதற்குக் காரணம் எளிதில் கண்ணில் படும்.

முகவரி 192.168 என்று ஒழுங்காக இருந்தால், சர்வரின் ஐபிக்கு ஒரு பிங் (பதில் வருகிறதா என்று தட்டிப் பார்க்கும் கட்டளை), அப்புறம் சர்வரின் பெயருக்கு ஒரு பிங். ஐபிக்குப் பதில் வந்து பெயருக்கு வராவிட்டால், பெயரை முகவரியாக மாற்றும் இடத்தில் கோளாறு. ஐபிக்கே பதில் வராவிட்டாலும் உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். விண்டோஸ் ஃபயர்வால் பிங்கை மட்டும் தடுத்து, டேட்டாபேஸை அனுமதித்திருக்கலாம். பவர்ஷெல்லில் டெஸ்ட் நெட்கனெக்ஷன் கட்டளையைச் சர்வர் ஐபியோடும் 1433 என்ற போர்ட் எண்ணோடும் கொடுத்தால், டேட்டாபேஸின் கதவு திறந்திருக்கிறதா என்று நேராகத் தெரிந்துவிடும். உங்கள் சர்வர் வேறு போர்ட்டில் இருந்தால் அந்த எண்ணைக் கொடுங்கள்.

எல்லாக் கணினியிலும் ஒரே சமயம் இணைப்பு போனால்

கரண்ட் போய் வந்த பிறகு இப்படி ஆனால், சர்வரின் ஐபி மாறிவிட்டதா என்று பாருங்கள். ரவுட்டர் மறுபடி எழுந்து முகவரிகளைப் பகிர்ந்தபோது, நேற்று 192.168.1.10 ஆக இருந்த சர்வர் இன்று 192.168.1.14 ஆகியிருக்கும். பில்லிங் கணினிகள் பழைய முகவரியையே தட்டிக்கொண்டிருக்கும். சர்வருக்கு நிலையான ஐபி கொடுங்கள், அல்லது ரவுட்டரில் அதன் முகவரியை ஒதுக்கி வையுங்கள். இரண்டில் எதைச் செய்தாலும் இந்தப் பிழை மறுபடி வராது.

விண்டோஸ் அப்டேட்டோ, ரவுட்டர் மாற்றமோ நடந்த பிறகு என்றால், சர்வரின் நெட்வொர்க் வகையைப் பாருங்கள். "பிரைவேட்" ஆக இருந்தது "பப்ளிக்" ஆக மாறியிருந்தால், பிரைவேட்டுக்கு மட்டும் கொடுத்திருந்த ஃபயர்வால் அனுமதி செல்லாது. சர்வரில் பில் போடும், வேறெங்கும் போடாது.

புதிதாக இன்ஸ்டால் செய்த சர்வர் என்றால் காரணம் வேறு. எக்ஸ்பிரஸ் பதிப்பில் டிசிபி/ஐபி இணைப்பு தொடக்கத்தில் அணைந்தே இருக்கும். கான்ஃபிகரேஷன் மேனேஜரில் அதை இயக்கி, சர்வீஸை மறுபடி தொடங்க வேண்டும். பிழை 26 வந்தால், சர்வர் கணினிக்குள் இருக்கும் குறிப்பிட்ட இன்ஸ்டன்ஸ் (அங்கே நிறுவிய எஸ்க்யூஎல் சர்வர்களில் ஒன்று) எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்று கேட்டுச் சொல்ல ஆளில்லை. அந்த வேலை எஸ்க்யூஎல் பிரவுசர் சர்வீஸுடையது, அது யூடிபி 1434 போர்ட்டில் பதில் சொல்லும். அதை இயக்கலாம். எனக்குப் பிடித்தது இன்ஸ்டன்ஸுக்கு 1433 என்று நிலையான போர்ட்டை எழுதிவிடுவதுதான். தேடல் என்ற ஒரு படியே குறைந்துவிடும்.

பிழை 18456 வந்தால் ஒருவிதத்தில் நல்ல செய்தி. கேபிள், ஐபி, ஃபயர்வால், போர்ட் எல்லாம் சரி. சர்வர் வரை போய்விட்டீர்கள், உள்ளே விடவில்லை. உண்மையான காரணம் சர்வரின் எரர் லாக்கில் "ஸ்டேட்" எண்ணாக இருக்கும். 5 என்றால் அப்படி ஒரு பயனர் இல்லை. 8 என்றால் கடவுச்சொல் தவறு.

"நெட் இல்லை"

கடைகளில் இரண்டு வேறு கோளாறுகளுக்கு இதே பேச்சுதான். இணையம் போனால் இ-வே பில், இ-இன்வாய்ஸ், யூபிஐ உறுதிச் செய்தி நிற்கும். லேன் போனால் பில்லே நிற்கும். சர்வர் கடைக்குள் இருக்கும்போது இணையம் இல்லாமலே பில் போட முடிய வேண்டும். முடியவில்லை என்றால் கணினிகளெல்லாம் ரவுட்டரின் பின்பக்கப் போர்ட்டுகளிலேயே செருகப்பட்டு, ரவுட்டர் அணையும்போது லேனும் சேர்ந்து அணைகிறது. தனிச் சுவிட்ச் ஒன்று வாங்கி, சர்வர் இருக்கும் யூபிஎஸ்ஸிலேயே அதையும் இணையுங்கள்.

ஃபைபர் பெட்டியில் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக இருந்தால் வெளியிலிருந்து ஒளியே வரவில்லை. உள்ளே எதை மாற்றியும் பயனில்லை, இணைப்பு கொடுத்தவரைக் கூப்பிடுங்கள். 8.8.8.8 முகவரிக்குப் பிங் போய், எந்த இணையதளமும் பெயரால் திறக்காவிட்டால், பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ் அமைப்பைப் பாருங்கள்.

மெதுவாக இருக்கிறது

ஒரு கணினி மட்டும் மெதுவாக இருந்தால் அதன் நெட்வொர்க் அடாப்டரின் வேகத்தைப் பாருங்கள். மற்றவை 1 ஜிபிபிஎஸ் காட்டும்போது இது 100 எம்பிபிஎஸ் காட்டினால் கேபிளுக்குள் ஒரு கம்பி அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். ஜிகாபிட் வேகத்துக்கு எட்டுக் கம்பியும் வேண்டும், 100 எம்பிபிஎஸ்ஸுக்கு நான்கு போதும். அதனால் அறுந்த கேபிளும் "வேலை செய்யும்", யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். குடோனுக்கு இழுத்த கேபிள் 100 மீட்டரைத் தாண்டுகிறதா என்றும் பாருங்கள், செப்புக் கேபிளின் எல்லை அதுதான்.

எல்லாக் கணினியும் திடீரென்று தவழ்ந்தால், சுவிட்ச்சின் விளக்குகளைப் பாருங்கள். எல்லாம் ஓயாமல் ஒரே வேகத்தில் மின்னினால், யாரோ ஒரு கேபிளின் இரு முனைகளையும் ஒரே சுவிட்ச்சில் செருகியிருக்கலாம். சாதாரணச் சுவிட்ச்சால் இந்தச் சுழற்சியைத் தடுக்க முடியாது. ஒரே தகவல் முடிவில்லாமல் சுற்றி லைன் முழுவதையும் நிரப்பிவிடும். துப்புரவு செய்த மறுநாள் காலையில் இது வந்தால் நான் முதலில் பார்ப்பது மேசைக்கு அடியில்தான்.

சர்வரிலேயே மெதுவாக இருந்தால் நெட்வொர்க்கை மறந்துவிடுங்கள். தேடல் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று மென்பொருள் செய்தவரிடம் கேளுங்கள். பொருளின் பெயர் "பரு" என்று தொடங்குவதைத் தேடினால் இண்டெக்ஸ் (அகராதி போல வரிசைப்படுத்திய பட்டியல்) உதவும். பெயருக்குள் எங்கேயாவது "பரு" இருப்பதைத் தேடினால், இண்டெக்ஸில் நேராகக் குறிப்பிட்ட இடத்துக்குப் போக வழியில்லை, அட்டவணையின் அத்தனை பதிவு வரிகளையும் படித்தாக வேண்டும். முதல் வருடம் ஐநூறு பொருளோடு வேகமாக இருந்தது, நான்காம் வருடம் நொண்டுவது இதனால்தான். எக்ஸ்பிரஸ் பதிப்பு தரவைத் தேக்கி வைக்கச் சுமார் 1.4 ஜிபி நினைவகத்துக்கு மேல் எடுக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். கணினிக்கு 32 ஜிபி ரேம் வாங்கிப் போட்டாலும் டேட்டாபேஸுக்கு அது போய்ச் சேராது.

கிளை மட்டும் மெதுவாக இருந்தால் கணக்கு வேறு. இணைய வேகம் 100 எம்பிபிஎஸ் இருந்தும் ஒரு பில் சேமிக்க எட்டு விநாடி ஆகிறதென்று வையுங்கள். கிளையிலிருந்து சர்வருக்கு ஒருமுறை போய்வர 40 மில்லி விநாடி ஆகிறது, மென்பொருள் ஒரு பில்லுக்கு 200 தடவை சர்வரைக் கேட்கிறது என்றால் எட்டு விநாடி கணக்கு நேராகிவிடும். வேகமான பிளான் வாங்கினால் இது மாறாது. ரிமோட் டெஸ்க்டாப் வழியாகச் சர்வர் பக்கத்திலேயே மென்பொருளை ஓட்டலாம், அல்லது கிளைக்குத் தனி டேட்டாபேஸ் வைத்து இரவில் ஒத்திசைக்கலாம்.

கிளைக்காக 1433 போர்ட்டை ரவுட்டரில் இணையத்துக்குத் திறந்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். 2003 ஜனவரி 25 அன்று ஸ்லாமர் என்ற புழு யூடிபி 1434 வழியாகவே உலகெங்கும் எஸ்க்யூஎல் சர்வர்களுக்குள் புகுந்தது. அதன் அளவு வெறும் 376 பைட். அதைத் தடுக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் ஆறு மாதம் முன்பே வெளியிட்டிருந்தது, பலர் போடவில்லை. இன்று திறந்த போர்ட்டைத் தேடி வருபவர்கள் தரவைப் பூட்டிப் பணம் கேட்கிறார்கள். விபிஎன் (இணையத்துக்குள் பூட்டிய தனி வழி) வைத்து, அதற்குள் மட்டும் டேட்டாபேஸைத் திறங்கள்.

கூட்ட நேரத்தில் மட்டும் எல்லோருக்கும் உறைந்துபோகிறது

ஒரு பில் சேமிக்கும்போது பில் தலைப்பு, பொருள் வரிகள், இருப்புக் குறைப்பு, வாடிக்கையாளர் பாக்கி என்று நான்கு இடத்தில் எழுத வேண்டும். நான்கும் நடக்க வேண்டும், இல்லையென்றால் ஒன்றுமே நடக்கக்கூடாது. அதற்காகத்தான் டிரான்சாக்‌ஷன். அது முடியும் வரை தான் மாற்றும் வரிகளைப் பூட்டி வைத்திருக்கும்.

நன்றாக எழுதிய மென்பொருளில் இந்தப் பூட்டு ஒரு விநாடிகூட நிற்காது. டிரான்சாக்‌ஷனைத் தொடங்கிவிட்டு, நடுவில் "பாக்கி வரம்பைத் தாண்டுகிறது, தொடரலாமா?" என்று திரையில் கேட்கும் மென்பொருளில்தான் வினை. கவுண்டரில் இருப்பவர் முதலாளியிடம் கேட்க எழுந்து போவார். அவர் திரும்பி வந்து பொத்தானை அழுத்தும் வரை, அதே பொருளை விற்க வேண்டிய மற்ற கவுண்டர்கள் காத்துக்கொண்டிருக்கும். ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் உறையும். பொறுமையிழந்து யாராவது சர்வரை அணைத்தால், முடியாமல் நின்ற அந்தப் பில் ரத்தாகும், பூட்டு விடும், "ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிறது" என்ற நம்பிக்கை கடையில் ஊறிவிடும்.

உறைந்திருக்கும்போதே சர்வரின் மேனேஜ்மென்ட் ஸ்டூடியோவில் எஸ்பி ஹூ2 என்ற செயல்முறையை ஓட்டுங்கள். யாரை யார் தடுக்கிறார் என்று அட்டவணையில் ஒரு நிரல் (நெடுவரிசை) காட்டும். தடுப்பவரைத் தடுப்பவர் யார் என்று தொடர்ந்து போனால், யாராலும் தடுக்கப்படாத ஒருவரில் முடியும். எந்தக் கணினி என்று பெயரும் அங்கேயே இருக்கும். நேராக அந்தக் கவுண்டருக்குப் போய்த் திரையைப் படியுங்கள். பெரும்பாலும் பதில் சொல்லாத ஒரு கேள்வி அங்கே நின்றுகொண்டிருக்கும். அதைப் படம் எடுத்து மென்பொருள் செய்தவருக்கு அனுப்பி, கேள்வியை டிரான்சாக்‌ஷனுக்கு முன்னால் நகர்த்தச் சொல்லுங்கள்.

பிழை 1205 வேறு விஷயம். இரண்டு பேர் ஒருவர் பூட்டியதை மற்றவர் கேட்டு நின்றால், டேட்டாபேஸ் ஒருவரை வெளியேற்றிவிடும். எப்போதாவது வந்தால் பில்லை மறுபடி சேமித்தால் போதும். தினமும் வந்தால் மென்பொருளின் வெவ்வேறு பகுதிகள் அட்டவணைகளை வெவ்வேறு வரிசையில் தொடுகின்றன.

சேமிக்கும்போது பிழை 1105 அல்லது 9002

1105 வந்தால் முதலில் டிஸ்க்கில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இடம் இருந்தால் டேட்டாபேஸ் எக்ஸ்பிரஸ் பதிப்பின் எல்லையை எட்டியிருக்கலாம். 2008 ஆர்2 முதல் 2022 வரையான பதிப்புகளில் ஒரு டேட்டாபேஸுக்கு அது 10 ஜிபி. கடைக் கணக்கு மட்டும் இருந்தால் இதை எட்டவே பல வருடம் ஆகும். பொருள் படங்களையும் ஸ்கேன் செய்த பில்களையும் டேட்டாபேஸுக்குள் போட்டிருந்தால் சீக்கிரம் எட்டிவிடும். 9002 என்றால், ஒவ்வொரு மாற்றத்தையும் குறித்து வைக்கும் லாக் கோப்பு நிரம்பிவிட்டது. மீட்பு முறை "ஃபுல்" என்று இருந்து லாக் பேக்கப் எடுக்காமல் விட்டால் அது வளர்ந்துகொண்டே போகும். லாக் கோப்பை மட்டும் கையால் அழிக்காதீர்கள்.

இதுவரை சொன்னவை சத்தம் போடும் கோளாறுகள். பில் நின்றால் அந்த நிமிடமே எல்லோருக்கும் தெரியும். இனி வருபவை சத்தமில்லாதவை. கடை ஓடிக்கொண்டே இருக்கும், கணக்கு மட்டும் கெட்டுக்கொண்டே போகும். நான் அதிகம் அஞ்சுவது இவற்றைத்தான்.

பில் எண் இரட்டிக்கிறது, அல்லது ஆயிரம் தாவுகிறது

ஒரே எண்ணில் இரண்டு பில் இருந்தால், மென்பொருள் "கடைசி எண் என்ன, அதோடு ஒன்று" என்று எடுக்கிறது. இரண்டு கவுண்டர் ஒரே கணத்தில் கேட்டால் இரண்டுக்கும் ஒரே பதில்தான். பில் எண் நிரலில் தனித்தன்மைக் கட்டுப்பாடு போட்டால் இரண்டாவது பில்லை டேட்டாபேஸே மறுத்துவிடும்.

452க்குப் பிறகு 1452 வந்தால் பயப்பட வேண்டாம், பில் எதுவும் தொலையவில்லை. எஸ்க்யூஎல் சர்வர் 2012 முதல் ஐடென்டிட்டி எண்களை (ஒவ்வொரு பதிவுக்கும் டேட்டாபேஸே தானாகக் கொடுக்கும் எண்களை) முன்கூட்டியே கொத்தாக எடுத்து நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. கரண்ட் போய்ச் சர்வர் திடீரென அணைந்தால் அந்தக் கொத்து போய்விடும். 2017 முதல் இந்தத் தேக்கத்தை அணைக்க வழி உண்டு. அணைத்தாலும் ரத்தாகும் பில் ஒரு எண்ணை விழுங்கும். ஆகவே ஐடென்டிட்டியைப் பில் எண்ணாக வைப்பதே தவறு. ஜிஎஸ்டி விதி 46 தொடர் எண் கேட்கிறது: 16 எழுத்துக்குள், நிதியாண்டுக்குள் தனித்ததாக. ஒன்றுக்கு மேற்பட்ட தொடர்களை அதே விதி அனுமதிக்கிறது. ஒவ்வொரு கவுண்டருக்கும் தனித் தொடர் வைத்து, கடைசி எண்ணைத் தனி அட்டவணையில் எழுதி, பில் சேமிக்கும் அதே டிரான்சாக்‌ஷனில் அதை உயர்த்தினால் இரட்டிப்பும் இல்லை, தாவலும் இல்லை.

தமிழ்ப் பெயர் கேள்விக்குறியாகிறது

பொருள் பெயர் சதுரக் கட்டமாகத் தெரிந்தால் எழுத்துரு இல்லை, தரவு பத்திரம். பெயர் அர்த்தமற்ற ஆங்கில எழுத்தாகத் தெரிந்தால் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது, மாற்றி மூலம் யூனிகோடுக்குக் கொண்டுவரலாம். வரிசையாகக் கேள்விக்குறி என்றால் எழுத்து உண்மையிலேயே அழிந்துவிட்டது. மறுபடி அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் பேக்கப்பிலிருந்து எடுக்க வேண்டும். அதனால் இதைக் கண்டதும் அன்றே நிறுத்துங்கள்.

நிரலின் வகை, பொதுவாக யூனிகோடு ஏற்காத வார்சாராக இருப்பதுதான் வழக்கமான காரணம். விண்டோஸில் தமிழுக்கென்று பழைய வகைக் குறியீட்டுப் பக்கம் கிடையாது, தமிழ் யூனிகோடில் மட்டுமே வாழ்கிறது. நிரலை யூனிகோடு ஏற்கும் என்வார்சாராக மாற்றுங்கள். மாற்றிய பிறகும் கேள்விக்குறி வந்தால், கட்டளையில் மேற்கோள் குறிக்கு முன்னால் ஆங்கிலப் பெரிய "என்" எழுத்து விடுபட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நீளத்தையும் தாராளமாக வையுங்கள். கொத்தமல்லி என்பது நம் கண்ணுக்கு ஆறு எழுத்து, டேட்டாபேஸுக்குப் பத்து இடம்.

தேதி மாறிப்போகிறது

மாதத்தின் முதல் 12 நாள் பில்கள் மட்டும் வேறு மாதத்தில் போய் உட்கார்ந்து, 13ஆம் தேதிக்குப் பிறகு பிழைச் செய்தி வந்தால், ஒரு கணினி அமெரிக்க முறையில் மாதத்தை முன்னால் எழுதுகிறது. அதன் ரீஜன் அமைப்பை மாற்றுங்கள். எல்லாத் தேதியும் பழைய வருடத்துக்குப் போனால் மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரியை மாற்றுங்கள்.

இருப்பு சரியாக வரவில்லை

எல்லாவற்றிலும் கடினமானது இது. திருட்டு என்று ஆட்கள் மேல் சந்தேகப்படுவதற்கு முன் டேட்டாபேஸைப் பாருங்கள், ஒருவருடைய வேலையும் மானமும் இதில் இருக்கிறது.

இருப்பு 50. ஒரு கவுண்டர் 2 விற்கிறது, இன்னொன்று அதே சமயம் 5 விற்கிறது. இரண்டும் 50 என்று படிக்கின்றன. முதலாவது 48 என்று எழுதுகிறது, இரண்டாவது அதன் மேல் 45 என்று எழுதுகிறது. இருக்க வேண்டியது 43. பிழைச் செய்தி எதுவும் வராது. படித்து, கழித்து, எழுதும் மென்பொருளில் இது நடக்கும். "இருக்கும் எண்ணிலிருந்து 5 கழி" என்று ஒரே கட்டளையாகக் கொடுத்தால் நடக்காது.

கண்டுபிடிக்க, ஒரு பொருளை எடுத்து ஆரம்ப இருப்பு, கொள்முதல், விற்பனை, திரும்பி வந்தது, குடோன் மாற்றம் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து, எழுதி வைத்திருக்கும் இருப்போடு ஒப்பிடுங்கள். பிறகு பழைய பேக்கப்புகளில் அதே கணக்கைப் போட்டு, முதன்முதலில் எந்த நாளில் விலகியது என்று பாருங்கள். அந்த நாளின் பில்களை நேர வரிசையில் பார்த்தால், அதே பொருளுக்கு ஒரே நிமிடத்தில் போட்ட இரண்டு பில்கள் கண்ணில் பட வாய்ப்பு உண்டு. அப்படி எதுவும் இல்லாவிட்டால் அன்று அழித்த பில், திருத்திய பில், பாதியில் நின்ற குடோன் மாற்றம் என்று தேடுங்கள். "துவரம் பருப்பு", "து.பருப்பு" என்று ஒரே பொருள் இரண்டு பதிவாக இருக்கிறதா என்றும் பாருங்கள். எட்கர் காட் 1970இல் ஐபிஎம்மிலிருந்து தொடர்புசார் மாதிரியை முன்வைத்த கட்டுரையிலேயே, ஒரே தகவல் பல இடத்தில் கிடப்பதால் வரும் முரணுக்குத் தனிப் பகுதி ஒதுக்கியிருக்கிறார். இருப்பைத் தனியே எழுதி வைக்கும் ஒவ்வொரு மென்பொருளுக்கும் அந்த ஆபத்து உண்டு.

எண்ணை நேராக 43 என்று திருத்திவிடாதீர்கள். இருப்புச் சரிக்கட்டல் என்று ஒரு பதிவு போட்டுத் திருத்துங்கள், எப்போது, ஏன், யார் என்று பிறகு தெரிய வேண்டும்.

திருத்துவதற்கு முன் பேக்கப் கட்டாயம். எக்ஸ்பிரஸ் பதிப்பில், குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் ஏஜென்ட் கிடையாது, பேக்கப் தானாக நடக்காது. விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரில் எஸ்க்யூஎல்கமாண்ட் கருவியை வைத்து இரவில் ஓட்டுங்கள். கோப்பை அதே டிஸ்க்கில் விடாமல், எழுதி முடித்ததும் கழற்றிவிடும் வெளி டிஸ்க்கில் வையுங்கள். மாதம் ஒருமுறை அந்தக் கோப்பை வேறொரு கணினியில் வேறு பெயரில் மீட்டு, கடைசிப் பில் எண்ணும் அன்றைய கல்லாத் தொகையும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள்.